பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழைய காமிக்ஸும் பொம்மைகளும் சேர்க்க நினைப்பவர்களுக்கு

என்னிடம் முதலில் வந்து சேர்ந்த பழைய பொம்மை பெல்ஜியக் காமிக்ஸில் வரும் ஒரு நீல நிறக் குள்ளன். ஸ்மர்ஃப். விரல் உயரம், வெள்ளைத் தொப்பி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. வீடு மாறிய உறவினர் ஒருவர், "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்று ஒரு அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அதன் அடியில் கிடந்தான். துடைக்கலாமே என்று திருப்பியபோது, பொடி எழுத்தில் 'பெயோ', 'ஷ்லைஷ்', 'டபிள்யூ. ஜெர்மனி' என்று அச்சாகியிருந்தது: வரைந்த ஓவியர், செய்த நிறுவனம், நாடு. மேற்கு ஜெர்மனி என்றொரு நாடு 1990 அக்டோபரோடு முடிந்துபோயிற்று. அப்படியென்றால் இந்தக் குள்ளனை வார்த்த அச்சு அதற்கு முன்னால் வெட்டியது. காணாமல் போன ஒரு நாட்டின் பெயரை ஒரு பொம்மை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு எதை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், விலைப் பட்டியலைப் படிக்கச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன். முகப்பு என்பது நம்மை வாங்கவைக்கச் செய்தது. எப்போது அச்சடித்தது, எங்கே செய்தது, எது ஒட்டுப்போட்டது, எது குறைகிறது என்பதெல்லாம் பின்பக்கத்திலும் அடியிலும் உள்ளேயும்தான் இருக்கும்.

முதலில், எதைச் சேர்ப்பது?

எல்லைக்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பழைய காமிக்ஸ் என்றாலே வாங்குவேன், பழைய பொம்மை என்றாலே எடுப்பேன் என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் வீடு பழைய பேப்பர்க் கிடங்கு மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆகியது. ஒரு கதாபாத்திரம், ஓர் ஓவியர், ஒரு தொடர், இல்லையென்றால் நீங்கள் பிறந்த ஆண்டில் வந்தவை மட்டும் என்று ஏதோ ஒன்று. முடிவு தெரிகிற பட்டியலாக இருந்தால் இன்னும் நல்லது. கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் சின்னப் பொம்மைகளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். மூன்றே முக்கால் அங்குல உயரம், மொத்தம் தொண்ணூற்றுச் சொச்சம் உருவங்கள். ஒருநாள் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. இன்னும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த கேள்வி: படிக்கவும் தொட்டுப் பார்க்கவும் சேர்க்கிறீர்களா, காட்சிக்கு வைக்கவா, நாளைக்கு விற்கவா? மூன்றும் வேறு வேறு பாதை. நான் முதல் வகை. முனை மடங்கிய, யாரோ ஒரு பிள்ளை பெயர் எழுதிவைத்த இதழைச் சந்தோஷமாக வாங்குவேன். அதே இதழின் மாசு மறுவற்ற பிரதிக்குக் கேட்கிற விலையில் பத்திருபது இதழ்கள் வந்துவிடும். விற்கிற எண்ணம் இருப்பவர் இதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். பத்து சுமாரான இதழ்களை விட ஒரு நல்ல இதழ் அவருக்கு உதவும். இதழ் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட, சேகரிப்பாளர்களான கலெக்டர்கள் 0.5-இலிருந்து 10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒன்பதுக்கு மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் விலை தாவும். 2000-இல் தொடங்கிய சிஜிசி போன்ற நிறுவனங்கள் இதழைப் பரிசோதித்து, மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிக் கொடுக்கின்றன. 'ஸ்லாப்' என்பார்கள். பெரிய பணம் போடுகிற இடத்தில் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் திறக்கமுடியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

காமிக்ஸைக் கையில் எடுத்தால்

நான் பதினோரு வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். அதனால் மற்றவர்கள் அட்டைப்படத்தை ரசிக்கும்போது நான் இதழைக் கோத்திருக்கும் கம்பிப் பின்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்கிற வரிசை இப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை, என் கை போகிற வரிசை இது.

கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். கையுறை வேண்டாம், காகிதத்தின் விளிம்பு உணர்வு தெரியாமல் கிழித்துவிடுவோம். இதழை மேசைமேல் தட்டையாக வைத்து, முதுகில் இருக்கிற இரண்டு பின்களையும் பாருங்கள். துரு இருக்கிறதா? துரு காகிதத்துக்குள் பரவியிருக்கிறதா? பின் பளபளவென்று புதிதாகவும், அதைச் சுற்றி இன்னொரு பழைய ஓட்டையும் இருந்தால், இதழைப் பிரித்து மறுபடி கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் பிரித்தார்கள்? அட்டை ஒரு பிரதியிலிருந்தும் உள்பக்கம் இன்னொரு பிரதியிலிருந்தும் வந்திருக்கலாம். கேளுங்கள்.

அப்புறம் நடுப்பக்கம். சென்டர் பின் அடித்த புத்தகங்களில் முதலில் கழன்று போவது அதுதான். இரண்டு பின்னிலும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கங்களை எண்ணுங்கள். பழைய அமெரிக்க இதழ்கள் பெரும்பாலும் அட்டை நீங்கலாக 32 பக்கம். எண்ணும்போது ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள், கட்டை விரலால் விசிறி மாதிரி ஓடவிட்டு எண்ணாதீர்கள். நான் அப்படி எண்ணித்தான் ஏமாந்தேன்.

1974-இல் வந்த ஒரு மார்வெல் இதழ். அட்டை பிரமாதம், முதுகு நேராக இருந்தது, 32 பக்கமும் சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தால், வாசகர் கடிதப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. 1974 வாக்கில் தொடங்கி இரண்டு வருடம்போல மார்வெல் தன் இதழ்களின் கடிதப் பக்கத்தில் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று சின்னச் சின்னப் படங்கள் அச்சடித்தது. பிள்ளைகள் வெட்டி எடுத்து அதற்கென்று இருந்த ஆல்பத்தில் ஒட்டவேண்டும். உல்வரின் முழுதாக வருகிற முதல் கதையான ஹல்க் 181-ஆம் இதழிலும் இந்த ஸ்டாம்ப் உண்டு. அது வெட்டப்பட்டிருந்தால் அந்த இதழின் விலை பாதிக்கும் கீழே விழுந்துவிடும். என் இதழ் அவ்வளவு பெரிய இதழ் இல்லை, தப்பித்தேன். ஆனால் அந்த வெட்டைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. நான்கு பக்கமும் கோடு பிசகாமல், அவ்வளவு பொறுமையாகக் கத்தரித்திருந்தான் அந்தப் பையன். சொன்னதைத்தானே செய்திருக்கிறான். இப்போது கூப்பன், போட்டி, ஸ்டாம்ப் எது இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.

அடுத்து, மேசை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை அட்டையின் விளிம்பு மட்டத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பு, பள்ளம், பேனா அழுத்திய தடம் எல்லாம் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். முதுகு வெளுத்த இடத்தில் யாராவது மார்க்கர் பேனாவால் வண்ணம் தீட்டியிருந்தால், அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும். உள்பக்கம் திருப்பினால் மை ஊறி வந்திருப்பதும் தெரியும். விளிம்புகள் நான்கும் கத்தியில் வெட்டியதுபோல் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்: நைந்த ஓரத்தைச் சீவி எடுத்திருப்பார்கள். அதே ஆண்டின் இன்னொரு இதழை மேலே வைத்து அளவு பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மறுபதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படிப்பது. முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உள்பக்கத்திலோ இருக்கும். அட்டையில் போட்ட மாதத்தை நம்பி நாள் கணக்குப் பார்க்காதீர்கள். கடையில் பழசாகத் தெரியக்கூடாது என்று மாதத்தை முன்தள்ளிப் போடுவது அக்கால வழக்கம். சூப்பர்மேன் முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் 1938 ஜூன் என்றிருக்கும். கடைக்கு வந்ததோ ஏப்ரலில்.

அந்த இதழ் விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. 1974-இல் டிசி நிறுவனம் அதை விளம்பரங்கள் உட்பட அப்படியே பெரிய அளவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. மேலே ஒரு தனி அட்டை போட்டு, அதில் மறுபதிப்பு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது 1938 இதழ்போலவே இருக்கும். கழற்றி விற்றவர்களும் இருந்தார்கள், பரணில் புதையல் கிடைத்தது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். அடையாளம் மிகச் சுலபம்: ஸ்கேல் எடுங்கள். அசல் எட்டு அங்குல அகலத்தைத் தாண்டாது. மறுபதிப்பு பத்து அங்குல அகலமும் பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் உயரமும் உள்ள பெரிய தாள். இதேபோல் 1966-இல் மார்வெலின் சில முதல் இதழ்களை இசைத்தட்டோடு சேர்த்து மறுபடி அச்சடித்தார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் அதில் ஒன்று. அவற்றின் அட்டையில் விலை இருக்காது. விலை இல்லாத அட்டையைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடவேண்டும்.

பெல்ஜிய ஆல்பங்களுக்கு, அதாவது ஒரு முழுக்கதை தனிப் புத்தகமாக வரும் காமிக்ஸுக்கு, பின்னட்டைதான் ஜாதகம். டின்டின் ஆல்பங்களின் பின்னட்டையில் அதுவரை வந்த கதைகளின் பெயர்கள் இருக்கும். பட்டியலில் கடைசியாக எது வந்திருக்கிறது என்று பாருங்கள். திபெத் கதை ஆல்பமாக வந்தது 1960, அதற்கடுத்த காஸ்டஃபியோரே மரகதக் கதை 1963. திபெத் இருந்து மரகதம் இல்லையென்றால், உங்கள் கையிலிருக்கும் பிரதி அந்த இடைவெளியில் அச்சானது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், உள்ளே எந்த ஆண்டு போட்டிருந்தாலும். பிரெஞ்சுப் பதிப்புகளைச் சேர்ப்பவர்கள் இந்தப் பின்னட்டைகளுக்கு எழுத்தும் எண்ணுமாகக் குறியீடே வைத்திருக்கிறார்கள்.

இனி லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும், அச்சகத்தில் புள்ளி பார்க்க வைத்திருப்போமே அது. பழைய அமெரிக்கக் காமிக்ஸில் வண்ணங்களை மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றின் சில குறிப்பிட்ட அடர்த்திகளைக் கலந்துதான் செய்தார்கள். மொத்தமே அறுபத்து நான்கு வண்ணங்கள் வரும். லென்ஸில் பார்த்தால் பெரிய பெரிய புள்ளிகள், ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம்) கொஞ்சம் விலகி, சட்டையின் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். முக்கியமானது கருப்பு. அசலில் கருப்புக் கோடும் எழுத்தும் தனி பிளேட்டில் அடித்தவை. அதனால் கோட்டுக்குள் புள்ளியே இருக்காது, கெட்டியான கருப்பு. அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அடித்த போலியில் கருப்புக் கோட்டுக்குள்ளேயே நீலமும் சிவப்பும் மஞ்சளும் பொடிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும், ஓரம் கரடுமுரடாக இருக்கும். ஒரு பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் ஓர் எழுத்தின் வயிற்றை லென்ஸில் பாருங்கள். இரண்டு நொடி போதும். பொம்மைகளின் அட்டைகளுக்கும் இதே சோதனை செல்லும்.

1950-க்கு முந்தியது என்று சொல்லி விற்கும் காகிதமானால் புற ஊதா டார்ச்சும் கைகொடுக்கும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்களை அதற்குப் பிறகுதான் பரவலாகச் சேர்த்தார்கள். இருட்டில் பக்கம் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் விற்பவரிடம் பேச நிறைய இருக்கிறது.

பொம்மையின் முதுகு

பொம்மையிலும் அடையாளம் உடம்பில்தான். ஆனால் முதுகிலுள்ள ஆண்டை உற்பத்தி ஆண்டு என்று நினைத்துவிடக்கூடாது. அது பெரும்பாலும் காப்புரிமை ஆண்டு, அல்லது அச்சு உருவான ஆண்டு. எத்தனையோ பார்பி பொம்மைகளின் முதுகில் 1966 என்றிருக்கும். அந்த உடலச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். 1966 பொம்மை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கென்னர் பொம்மைகளின் காலில் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977' என்று இருக்கும். ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப், அப்போது கென்னரின் உரிமையாளர். அதன் முதல் பன்னிரண்டு உருவங்கள் கடைக்கு வந்தது 1978-இல்.

நாட்டின் பெயர் ஆண்டைவிட நம்பகமான சாட்சி. மேற்கு ஜெர்மனி சொல்லியாயிற்று. 'ஆக்யுபைட் ஜப்பான்' என்று முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-இல் ஆக்கிரமிப்பு முடிவதற்குள் செய்தது.

அட்டையோடு கிடைத்தால் பின்பக்கம் எண்ணுங்கள். கென்னர் அட்டைகளின் பின்னால் அந்தந்த நேரத்தில் கிடைத்த உருவங்களின் படம் இருக்கும். பன்னிரண்டு படம் இருந்தால் முதல் அலை, கலெக்டர்கள் 'டுவெல்வ் பேக்' என்பார்கள். இருபது, இருபத்தொன்று என்று வளர்ந்து, கடைசியில் தொண்ணூற்றிரண்டு வரை போகும். டின்டின் பின்னட்டைக் கணக்கு போலத்தான். அட்டையில் பிளாஸ்டிக் குமிழ் ஒட்டிய விளிம்பையும் பாருங்கள்: மறுபடி ஒட்டியிருந்தால் பசை பிதுங்கியிருக்கும் அல்லது அட்டையின் மேல்தோல் உரிந்திருக்கும்.

தனிப் பொம்மையில் போலி அதிகம் வருவது உடம்பில் அல்ல, கையில் பிடிக்கும் துப்பாக்கி, தடி, மேலங்கி இவற்றில்தான். பிள்ளைகள் முதலில் தொலைப்பதும் அவற்றைத்தானே. தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும், போலி மூழ்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், மிதக்கிற போலியும் வந்துவிட்டது. அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வார்ப்பின் கோடு எங்கே ஓடுகிறது, நுண்ணிய வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா மழுங்கியிருக்கின்றனவா என்று ஒப்பிடுவதுதான் வழி. ஜாவா என்ற குட்டி உருவம் 1978-இல் முதலில் வினைல் மேலங்கியோடு வந்து, சீக்கிரமே துணி அங்கிக்கு மாறியது. வினைல் அங்கி அபூர்வம் என்பதால், இன்னொரு பொம்மையான பென் கெனோபியின் பெரிய வினைல் அங்கியை வெட்டிச் சின்னதாக்கி மாட்டிவிடுவார்கள். இந்த உருவம் மலிவாகக் கிடைத்தால் மலிவாகவே விட்டுவிடுங்கள்.

கழுவுவதும் ரிப்பேர் செய்வதும்

பொம்மை வாங்கிய அன்றே நான் செய்யும் முதல் வேலை பேட்டரிப் பெட்டியைத் திறப்பது. உள்ளே பழைய பேட்டரி கசிந்திருக்கும். அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பூச்சு என்றால், பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காட்சிக்கு வைக்கும் பொம்மையில் எந்தக் காலத்திலும் பேட்டரி இருக்கக்கூடாது.

ஸ்டிக்கர், காகிதம், துணி, இரும்பு ஆணி எதுவும் இல்லாத பிளாஸ்டிக் உருவமானால் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல் துலக்கும் பிரஷ். இவ்வளவுதான். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள். அழுக்கோடு கண்ணும் மூக்கும் அழிந்துவிடும்.

ஸ்மர்ஃப் போன்ற மெத்தென்ற பிவிசி பொம்மைகளுக்கு ஒரு வியாதி உண்டு: பிசுபிசுப்பு. பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மேலே கசிகிறது. தூசு படியக்கூடாதே என்று நான் பதினாறு உருவங்களைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லப்பாகில் விழுந்ததுபோல் இருந்தன. கழுவினால் சரியாகும், ஆனால் சில மாதங்களில் திரும்ப வரும். காற்றோட்டமும் குளிர்ச்சியும்தான் மருந்து. ஒன்றையொன்று தொடாமல், பெயின்ட் அடித்த அலமாரிமேல் நேரடியாக நிற்காமல் வையுங்கள். பழைய செல்லுலாய்டு பொம்மைகளை இன்னும் ஜாக்கிரதையாகக் கையாளவேண்டும். எளிதில் தீப்பிடிக்கும். சிதையும்போது வெளியிடும் ஆவி பக்கத்திலிருக்கும் மற்ற பொம்மைகளையும் அரிக்கும். தனியாக, காற்றோட்டமாக, வெப்பத்துக்குத் தூரமாக.

மஞ்சளித்துப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்து வெளுக்கவைக்கும் முறை இருக்கிறது. ஒரு ரோபோவுக்குச் செய்து பார்த்தேன். பூச்சு சீராகப் பரவவில்லை, மார்பில் மேகம் மேகமாகத் திட்டு விழுந்துவிட்டது. சரியாகச் செய்தாலும் மஞ்சள் மெல்லத் திரும்பும். மஞ்சளாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சில ரிப்பேர்கள் தாராளமாகச் செய்யலாம். 1982 முதல் 1994 வரை வந்த ஜி.ஐ.ஜோ சின்னச் சிப்பாய்ப் பொம்மைகள் இடுப்பில் இரண்டாகக் கழன்று தொங்கினால் பயப்படாதீர்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் அறுந்திருக்கும். முதுகில் இருக்கும் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றி, அதே அளவு புது வளையத்தை மாட்டினால் எழுந்து நிற்பான். உடைந்தது என்று ஒதுக்கிய குவியலில் நான் ஆறேழு பேரை இப்படி எழுப்பியிருக்கிறேன். ஆனால் தங்கத் துகள் மின்னும் பிளாஸ்டிக்கில் செய்த டிரான்ஸ்ஃபார்மர் ரோபோ பொம்மைகளை உருமாற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அந்தக் கலவை உள்ளுக்குள் நொறுங்கிப் போகும் தன்மை கொண்டது, மூட்டைத் திருப்பினால் கையோடு வந்துவிடும்.

காமிக்ஸை வைத்துக் காப்பது

செய்தித்தாள் போன்ற மலிவுக் காகிதத்தில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், அமிலம் கூடக்கூட முறுமுறுப்பாகி உதிரும். இதை நிறுத்தமுடியாது, தாமதப்படுத்தலாம். பாலிப்ரொப்பிலீன் உறையும், இதழ் வளையாமல் பின்னால் வைக்கும் அமிலமற்ற முதுகட்டையும் போதும். வசதி இருந்தால் மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை, அது பல பத்தாண்டுகளுக்குக் கெடாது. பிவிசி உறை கூடவே கூடாது. பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சரிந்து வளையாத அளவுக்கு நெருக்கமாக, எடுக்கும்போது உரசாத அளவுக்குத் தளர்வாக. பெட்டி தரையில் இருக்கவேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியைப் போட்டுவைத்தால் ஊகத்துக்கு வேலை இல்லை. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும்.

டேப் பற்றி இன்னும் ஒன்று. உறையின் மடிப்பை டேப்பால் ஒட்டுவது எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். ஒருநாள் டேப்பைப் பாதி உரித்துவிட்டு, அது மடிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இதழை வெளியே இழுத்தேன். டேப்பின் நுனி அட்டையைத் தொட்டது. தொட்டதுதான் தெரியும், நாயகனின் முழங்கையிலிருந்து ஒரு நீள நாடா வண்ணத்தோடு உரிந்து வந்துவிட்டது. ஐம்பது வருடம் பிழைத்திருந்த அட்டை என் வீட்டில் மூன்று நொடியில் போயிற்று. இப்போது டேப்பே கிடையாது. மடிப்பை முதுகட்டைக்குப் பின்னால் செருகிவிடுகிறேன்.

வாங்குவது, விசாரிப்பது, எழுதிவைப்பது

விலை பார்க்கும்போது விற்பவர்கள் கேட்கும் விலையை விடுங்கள். விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள், கடைசியாக விற்ற ஐந்தாறு போதும். படம் பார்த்து வாங்கினால், பின்னட்டை, நடுப்பக்கம், பின், பொம்மையானால் காலடியும் முதுகும் என்று கேட்டு வாங்குங்கள். "நல்லா இருக்கு, நம்பி வாங்கலாம்" என்று பதில் வந்து படம் வரவில்லையானால் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். தனித்தனியாக வாங்குவதை விட ஒரு குடும்பம் மொத்தமாகக் கொடுக்கும் பெட்டி பெரும்பாலும் லாபம், அதில்தான் துப்பாக்கியும் அங்கியும் அடியில் கிடக்கும்.

ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் நம் நாக்குக்கும் வேலை உண்டு. கணவர் இறந்தபின் அவர் சேர்த்துவைத்த இதழ்களை எடுத்துக்கொள்ளச் சொன்ன ஓர் அம்மா, "எல்லாம் சேர்த்து ஏதாவது கொடுங்க தம்பி" என்றார். மேலாகப் புரட்டியபோதே இரண்டு இதழ்கள் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் பெறும் என்று தெரிந்தது. அந்த இரண்டையும் தனியே எடுத்துக் கொடுத்து, ஏலத்துக்கு அனுப்பச் சொன்னேன். மிச்சத்தை நியாயமான விலைக்கு வாங்கினேன். அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாமே என்று இன்றும் சில ராத்திரி தோன்றத்தான் செய்கிறது.

வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எப்போது, யாரிடம், என்ன விலை, என்ன குறை. குறையை நேர்மையாக எழுதுங்கள், நாளைக்கு விற்கும்போது ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும். பொருளின்மேல் எதுவும் எழுதவேண்டாம், முதுகட்டையின் பின்னால் பென்சிலில் எண் போட்டால் போதும்.

புதிதாக வந்த காமிக்ஸை மற்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனிப் பெட்டியில் வையுங்கள். வெள்ளிப்பூச்சியோ புத்தகப் புழுவோ இருந்தால் அதற்குள் தூளோ ஓட்டையோ கண்ணில் படும். பட்டால் மருந்து அடிக்கவேண்டாம். இதழை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் பதினெட்டு டிகிரியில் முட்டையும் சேர்ந்து சாகும். பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுவது நல்லது. எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதாமல் வைத்து, ஐஸ் எடுக்கப் போன என் மகள் ஹல்க்கின் முகத்தைப் பார்த்து அலறியிருக்கிறாள். வெளியே எடுத்தபின் அவசரப்பட்டுப் பையைத் திறக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள். இல்லையென்றால் வியர்க்கும் நீர் பைக்கு வெளியே அல்ல, அட்டையின்மேல் படியும்.